அளவெடுத்துத் தைத்த பைலட்

— நாலாயிரத்து ஐநூறா? இதுக்கா?

— ஆமாம்மா. ஆட்டுத்தோலுலா. கையில பிடிச்சுப் பாருங்க, வெண்ணெ மாதிரி இருக்கும். காலர்ல இருக்கது நெசக் கம்பளி. அங்கன ஓரமா தொங்குது பாருங்க, அது ரெக்சினு. ஆயிரத்து எண்ணூறுக்குத் தருவேன். ஆனா ரெண்டு மழ நனைஞ்சா அப்பளமா உரிஞ்சு போவும். பாத்துக்கிடுங்க.

— எனக்கு ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியுது. நெஞ்சுல இந்த ரெக்கை பேட்ஜ் வச்சிருக்கீங்களே, இது யார் கொடுக்கறது? கவர்ன்மென்ட்டா?

— கவர்ன்மென்ட்டா! யா அல்லா! மஸ்ஜித் பந்தர் மொத்த மார்க்கெட்டுல கிலோ கணக்குல அள்ளிட்டு வரலாம். கழுகு வேணுமா, சிங்கம் வேணுமா, எது வேணும்னாலும் ஒட்டிக் கொடுப்போம்.

— அப்போ ஏர் ஃபோர்ஸ்காரங்க யாரும் இங்க வந்து வாங்கறதில்ல.

— அவங்க எதுக்கும்மா இங்கன வரப்போறாங்க? பைக்குல லடாக் போற பிள்ளைங்க வாங்குவாங்க. மணாலிக்கு ஹனிமூன் போற ஜோடி வாங்கும். சினிமாக் கம்பெனிக்காரங்க வந்தா மொத்தமா எடுப்பாங்க. உங்களுக்கு யாருக்கு வேணும்? அளவச் சொல்லுங்க.

— ஆள் வந்துட்டே இருக்கான். சயான் ஸ்டேஷன்ல இறங்கிட்டானாம். அளவ நேர்லயே பாத்துக்கங்க.

— மாப்பிள்ளையா?

— அத இன்னும் கொஞ்ச நேரத்துல சொல்றேன்.

— அதுவரைக்கும் ஒரு டீ சொல்லட்டுமா?

— வேண்டாம். இங்க எல்லாம் நான் எதுவும் குடிக்கறதில்ல. அந்த ஃபேன மட்டும் இந்தப் பக்கம் திருப்பி விடுங்க. தோல் நாத்தத்துல தலை வலிக்குது. எப்படித்தான் நாள் பூரா இதுக்குள்ள உக்காந்திருக்கீங்களோ!

— பழகிப் போச்சும்மா. என்ன செய்ய.

— மாயா! இங்கயா இருக்க? மெயின் ரோடு பூரா தேடிட்டு வாரேன். தாராவில நமக்கு என்ன வேல? செம்பூர்ல எங்கயாவது ஏசியில உக்காந்து பேசலாம்லா?

— வாங்க ஆபீசர் சார், வாங்க. சொன்ன மாதிரியே ஜாக்கெட்டப் போட்டுட்டு வந்துட்டீங்க. வெரி குட்.

— நீதான போட்டோ எடுக்கணும்னு சொன்ன. லோக்கல் ட்ரெயின்ல அத்தன பேரும் என்னையே பாக்காங்க. உள்ள வெந்து போயிட்டேன்.

— ஜிப்ப எறக்காத ராஜ். அப்படியே அந்தக் கம்பிக்குக் கீழ போய் நில்லு. இன்னும் தள்ளி. ஹா, போதும். இப்ப தலையத் தூக்கி மேல பாரு.

— மேல என்ன?

— என்னவா? ஒரு ஸ்க்வாட்ரனே தொங்குது, தெரியலயா? அதே வெள்ளக் காலர். அதே ரெக்கை. அதே பித்தள ஜிப். நிச்சயதார்த்தத்துல என் ஃப்ரெண்ட்ஸ்கிட்ட என்ன சொன்ன? 'இது கடையில கெடைக்காது, சர்வீஸ்ல கொடுப்பாங்க'ன்னு. சீரியஸ்லி?

— அது... ஒண்ணுமில்ல மாயா. இந்த மாதிரி மாடலு இப்ப எல்லா இடத்துலயும்...

— முந்தாநேத்து டாக்ஸில இந்தப் பக்கமா போனேன். ட்ராஃபிக்ல வண்டி நின்னுச்சு. ஜன்னல் வழியா பாத்தா என் வருங்காலப் புருஷன் பதினஞ்சு ஹேங்கர்ல வரிசையா தொங்கறான். முதல்ல சிரிப்புதான் வந்துச்சு. அப்புறம்தான் போட்டோ எடுக்கணும்னு உன்ன இங்க வரச் சொன்னேன்.

— வெளிய போய்ப் பேசலாம் மாயா. அக்கா முன்னால எதுக்கு?

— அக்காவா? அவ்வளவு பழக்கமா? ஆன்ட்டி, இவன் போட்டிருக்கறதக் கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க. உங்க கடைச் சரக்கா?

— கைய நீட்டுங்க தம்பி. ம். இந்த ரெண்டு கையிலயும் கொஞ்சம் அறுத்துக் கொறச்சிருக்கு. இது எங்க தையலுதாம்மா. இல்லன்னு சொன்னா அடுக்காது.

— கேட்டியா? இன்னும் ஏதாவது கதை பாக்கி இருக்கா? ராஜ், அந்தம்மாவப் பாக்காத. அவங்க உன்னக் காப்பாத்த மாட்டாங்க. என்னப் பாரு. பூனாவுல எங்க போஸ்டிங்?

— நான் பூனாவுல இல்ல.

— வேற எங்க?

— விக்ரோலியிலதான். வீட்டுலதான் இருக்கேன். ராத்திரியில ஏர்போர்ட்டுக்குப் போறேன். கார்கோ பக்கம்.

— கார்கோ ப்ளேன் ஓட்டறியா?

— ஓட்டல. ஏத்துதேன். லோடிங் சூப்பர்வைசர். எந்தப் பெட்டி முன்னால போகணும், எது பின்னால போகணும், வெயிட்டு ஒரு பக்கமா சாயாம இருக்கான்னு பாக்கணும். எனக்குக் கீழ எட்டுப் பேரு இருக்காங்க.

— மூட்டை தூக்கறவன்.

— தூக்க வைக்கவன். ஆளு கொறஞ்சா நானும் தூக்குவேன்.

— ஹே பகவான்! தினம் ராத்திரி 'ஃப்ளைட்டுல இருக்கேன், பேச முடியாது'ன்னு மெசேஜ் அனுப்பினியே, அது?

— அது பொய்யில்ல மாயா. ஃப்ளைட்டு வயித்துக்குள்ளதான் நிப்பேன். அங்க போன் எடுக்காது.

— வாய மூடு. காமெடி பண்ணாத. ஆபீஸ்ல அந்த மானசா என்ன எப்படிக் கூப்பிடறா தெரியுமா? 'மேடம் ஏர் ஃபோர்ஸ்'. என் டீம் மொத்தமும் கல்யாணத்துக்கு நீ யூனிஃபார்ம்ல வாள் பிடிச்சுட்டு வருவியான்னு கேட்டுட்டு இருக்கு. அவங்ககிட்ட நான் போய் என்ன சொல்லணும்? வாளு இல்ல, ட்ராலி தள்ளிட்டு வருவான்னா?

— நான் ஒவ்வொரு தடவையும் சொல்லணும்னுதான் வருவேன். தொண்ட வரைக்கும் வரும். நீ அதுக்குள்ள அடுத்த போட்டோவுக்கு நில்லும்ப, கண்ணாடி மாட்டும்ப, சிரிக்காதம்ப. ஆபீசருங்க சிரிக்க மாட்டாங்கன்னு நீயே சொல்லுவ.

— அப்போ தப்பு என் மேல?

— இல்ல. என் மேலதான். மொத நாளே வாயத் தொறந்திருக்கணும். உன் பக்கத்துல உக்காந்தப்போ தைரியம் வரல.

— உன் முகரைக்கு என் பக்கத்துல உக்கார கிடைச்சதே பெரிசுன்னு பேசாம இருந்துட்ட. இல்ல?

— ஆமா. அதுதான் நெசம்.

— ஏ தம்பி, மொதல்ல அந்தக் கோட்டக் கழத்துங்க. மூஞ்சியெல்லாம் செவந்து கெடக்கு. இந்தாங்க, தண்ணி.

— கழட்டக் கூடாது ஆன்ட்டி. போட்டுட்டே நிக்கட்டும். எவ்வளவுக்கு எடுத்துட்டுப் போனான் இத? சொன்ன விலைக்கா?

— நாலாயிரத்துக்குக் கொடுத்தேன். பேரம் பலமா நடந்துச்சு.

— பேரம் வேற பேசினியா? சொந்த கௌரவத்துக்கே பேரம் பேசற ஆள் நீ.

— இந்தத் தம்பி எங்க பேசுச்சு? அது வந்ததுல இருந்து தலையக் குனிஞ்சுட்டுல்லா நின்னுச்சு. 'எனக்கு வேண்டாம், எனக்கு வேண்டாம்'னு ரெண்டு தடவ வாசலுக்குப் போயிட்டு வந்துச்சு.

— அப்போ பேசினது யாரு?

— அக்கா. வேண்டாம்க்கா.

— யார் பேசினது ஆன்ட்டி? உங்க முலுண்ட் மாமாவா ராஜ்? அந்தப் பல்லு நீட்டினவர்? எனக்கு அப்பவே தோணுச்சு. என் செம்பூர் ஃப்ளாட்ட சுத்திச் சுத்திப் பாத்தாரு.

— அவர இதுல இழுக்காத. அவருக்கு ஒண்ணும் தெரியாது.

— குடும்பமே சேந்து ப்ளான் பண்ணிருக்கீங்க. நல்ல வேல, நல்ல சம்பளம், சொந்த ஃப்ளாட், ஒரே பொண்ணு. அப்பன் கேள்வி கேக்கத் தெரியாதவன். ஒரு கோட்ட மாட்டினாப் போதும். க்யா பாத் ஹை!

— உங்கப்பா என்ன தொழில் பாக்காரும்மா?

— பிசினஸ்.

— என்ன பிசினஸு?

— அது எதுக்கு உங்களுக்கு? எக்ஸ்போர்ட் மாதிரி.

— எக்ஸ்போர்ட்டு. நல்லது.

— மாயா, கடைக்காரங்ககிட்ட எதுக்கு இதெல்லாம்?

— நீ எனக்குச் சொல்லித் தராத. எனக்கு உன்ன நெனச்சு கோபம் இல்ல ராஜ். உன்ன மாதிரி ஆளுங்க இதத்தான் பண்ணுவீங்க. எங்கப்பாவ நெனச்சாத்தான் பத்திட்டு வருது. அந்த மனுசன் அஞ்சாங்கிளாஸ். நாலு பேர் முன்னால உக்காந்து பேசத் தெரியாது. டீய சாஸர்ல ஊத்திக் குடிப்பாரு. 'கல்யாணத்துல நீங்க கோட் போட்டுட்டு பேசாம நின்னா போதும்'னு நானே சொல்லி வச்சிருக்கேன். அவர ஏமாத்த உனக்கு எப்படி மனசு வந்துச்சு?

— நான் அவர ஏமாத்தல.

— பின்ன? அவர்தான இந்த சம்பந்தத்தக் கொண்டுவந்தாரு! வாழ்க்கையில முதல் தடவையா உருப்படியா ஒரு காரியம் பண்ணினாருன்னு நெனச்சேன். அதுக்கு முந்தி அவர் கொண்டுவந்ததெல்லாம் என்ன தெரியுமா ஆன்ட்டி? ஒருத்தன் தூத்துக்குடியில உப்பு ஏஜென்சி. ஒருத்தன் மாட்டுங்கால பாத்திரக் கடை. இன்னொருத்தன் ஸ்கூல் வாத்தியார், சைக்கிள்ல வந்தான். எல்லாரையும் பாத்த ஒரு நிமிஷத்துல துரத்தி விட்டேன்.

— ஒரு நிமிசத்துலயா?

— அதுவே ஜாஸ்தி. அவனுங்க மூஞ்சியிலயே எழுதியிருக்கும். சரி, கழட்டு ராஜ். இப்ப கழட்டு. ஆன்ட்டி, இந்தாங்க. திருப்பி எடுத்துக்கிட்டு காசக் கொடுங்க. மூஞ்சியில எறியறதுக்கு எனக்கு அது வேணும்.

— போட்ட கோட்ட நாங்க திருப்பி எடுக்கதில்லம்மா.

— ஏன் எடுக்க மாட்டீங்க? டூப்ளிகேட் சாமான வித்துட்டு சட்டம் பேசறீங்களா? உங்கள மாதிரி கடைங்க இருக்கறதாலதான் இவன மாதிரி ஆளுங்க ஆபீசர் ஆகறாங்க. கடையும் டூப்ளிகேட், ஆளும் டூப்ளிகேட். இந்த ஏரியாவே டூப்ளிகேட்.

— நிறுத்து பிள்ள.

— என்ன?

— இம்புட்டு நேரம் நீ என்ன பேசினாலும் யாவாரத்துக்கு வந்த பிள்ளைன்னு கேட்டுட்டு இருந்தேன். நாத்தம்னு சொன்ன, பொறுத்துக்கிட்டேன். டீயக் குடிக்க மாட்டேன்ன, சரின்னுட்டேன். டூப்ளிகேட்டுன்னு சொல்லாத. தோலு அசலு. தையலு அசலு. பைலட் கோட்டுன்னு சொல்லித்தான் விக்கேன், உள்ள இருக்கவன் பைலட்டுன்னு நான் யாருக்கும் சொல்லல. அத நம்பினது நீ, மாரீஸ்வரி.

— என்ன சொன்னீங்க?

— பேரச் சொன்னேன்.

— அந்தப் பேர்... அந்தப் பேர் செம்பூர்லயே யாருக்கும் தெரியாது. ராஜ், நீ சொன்னியா?

— நான் எதுவும் சொல்லல மாயா. வா, போயிருவோம். நீ கல்யாணத்த நிறுத்திரு. நான் யார்கிட்டயும் ஏன்னு கேக்க மாட்டேன். வா.

— எங்கயும் வர மாட்டேன். இப்பவே அப்பாவுக்கு போன் போடறேன். அவரே வந்து இந்தக் கடையப் பாக்கட்டும், இந்த வரிசையப் பாக்கட்டும். அவர் மாப்பிள்ள எங்க தச்சு வந்தாருன்னு பாக்கட்டும்.

— மாயா, உன் கால்ல வேணும்னாலும் விழுதேன். என்ன ஃப்ராடுன்னு சொல்லு, ஊரு பூரா சொல்லு. ஸ்டேட்டஸ்ல போடு. உன் ஆபீஸு வாசல்ல நிக்க வச்சு செருப்பக் கழத்து. அவருக்கு மட்டும் போன் போடாத.

— பயமா? இப்பதான் பயம் வருதா?

— பயம் எனக்கில்ல.

— போடட்டும் தம்பி, விடுங்க. போட்டு, கை நீளம் சரியா வந்துச்சான்னு இந்த நூர் நிஷா கேட்டாள்னும் அண்ணாச்சிகிட்ட சொல்லட்டும்.

— எந்த அண்ணாச்சி?

— தங்கசாமி அண்ணாச்சி. பின்னால தெருவுல பலசரக்குக் கட, குடியிருக்கதும் அங்கனதான். எங்க வீட்டுக்கு அரிசி, பருப்பு, சோப்பு எல்லாம் அங்கன இருந்துதான் எக்ஸ்போர்ட்டு ஆகுது.

— எங்கப்பாவுக்கும் இதுக்கும் என்ன?

— அவருதான வந்து வாங்கிட்டுப் போனாரு.

— அக்கா! யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கினாருல்லா!

— சத்தியத்துக்குத்தான் தம்பி இம்புட்டு நேரம் நாக்கக் கடிச்சிட்டு இருந்தேன். கடிச்சுக் கடிச்சு ரத்தம் வந்துட்டு. இந்தப் பிள்ள உள்ள நொழைஞ்சதுமே எனக்கு அடையாளம் தெரிஞ்சு போச்சு. கல்லாவுக்கு மேல சாமி படத்துக்குப் பக்கத்துல இவ போட்டோதான மாட்டியிருக்காரு.

— பொய். எங்கப்பாவுக்கு இவ்வளவெல்லாம் யோசிக்கத் தெரியாது. நீங்க ரெண்டு பேரும் சேந்து... ராஜ், சொல்லு. பொய்தான?

— பொய்யில்ல மாயா.

— உன்ன அவருக்கு எப்படித் தெரியும்?

— எங்கம்மா ஆஸ்பத்திரியில கெடந்தப்போ, பக்கத்துக் கட்டில்ல உங்க சித்தப்பா இருந்தாரு. உங்கப்பா தெனமும் வருவாரு. நான் ராத்திரி வேலைய முடிச்சுட்டு நேரா அங்கதான் போவேன். அப்படிப் பழக்கம். ஒரு நாளு 'எனக்கு ஒரு மக இருக்கா, பாக்கியா தம்பி'ன்னு கேட்டாரு. வேலைக்குப் போடுத நீல சட்டையில ஒரு போட்டோ எடுத்துக் கொடுத்தேன். அத உன்கிட்ட காட்டினாரு.

— எந்த நீல சட்டை? எனக்கு அப்படி எதுவும் ஞாபகம் இல்ல.

— இருக்காது. அவரு நீட்டின போனக் கையில கூட வாங்காம, 'லோடர் மூஞ்சி'ன்னுட்டுப் போயிட்டியாம்.

— நான்... அது நீயா?

— அதே மூஞ்சிதான். அதுக்கு அடுத்த வாரம் என்ன இங்க கூட்டிட்டு வந்தாரு. இந்தக் கோட்ட மாட்டி, ஏர்போர்ட்டு வேலிக்கு வெளிய நிக்க வச்சு, அவரே போட்டோ எடுத்தாரு. அவருக்கு எடுக்கத் தெரியல, கை ஆடிச்சு. எட்டு போட்டோ எடுத்தாரு. ஒண்ணுதான் தேறிச்சு.

— அந்த போட்டோ... நான்தான் எல்லாருக்கும் அனுப்பினேன்.

— ஆமா.

— கல்யாணம் ஆனா மறுநாளே தெரிஞ்சு போகுமே. அப்ப என்ன பண்றதா நெனச்சாரு?

— 'அதுக்கு முந்தி நானே அவகிட்ட சொல்லிருதேன், அதுவரைக்கும் அவ உங்கூட நாலு வார்த்த பேசிப் பழகட்டும், பழகினா உன்ன விட மாட்டா'ன்னாரு. நானும் நம்பினேன். போன ஞாயித்துக்கிழம சொல்லுதேன்னாரு. உன் செம்பூர் ஃப்ளாட்டு வரைக்கும் வந்தாராம். நீ ஃப்ரெண்ட்ஸ் இருக்காங்க, அப்புறமா வாங்கன்னு வாசல்லயே அனுப்பிட்டியாம்.

— அவர் கையில மளிகைப் பை இருந்துச்சு. எல்லாரும் பாத்துட்டு இருந்தாங்க, அதனாலதான்... ஆன்ட்டி, எதுக்கு? இவ்வளவு பெரிய பொய் எதுக்கு? என்கிட்ட நேரா உக்காந்து பேசியிருக்கலாமே. நான் என்ன கடிச்சா தின்னுருவேன்?

— நானும் அதத்தான் கேட்டேன் பிள்ள. 'பெத்த மகதான அண்ணாச்சி, சொன்னா கேக்க மாட்டாளா'ன்னு கேட்டேன். இந்தத் தம்பி கோட்டக் கழத்தி வச்சுட்டு வெளிய போனதும், அத எடுத்து அவரு போட்டுக்கிட்டாரு. ஜிப்பு ஏறல, வயித்த எக்கிக்கிட்டு அந்தக் கண்ணாடி முன்னால ரொம்ப நேரம் நின்னாரு. 'நிஷா, இதப் போட்டுக்கிட்டு ஒரு நாளு அவ ஆபீசுக்குப் போனா, இது எங்கப்பான்னு சொல்லுவாளா'ன்னு கேட்டாரு.